வெடிக்கு அசையாத குட்டி

நாய்க்குட்டி கேட்டு வருகிற போனை எடுக்கவே இப்போதெல்லாம் எனக்குச் சலிப்பாக இருக்கிறது. "குட்டி இருக்கா?" என்றுதான் தொடங்குவார்கள். பெயர் சொல்வதில்லை, ஊர் சொல்வதில்லை. அடுத்த கேள்வி, "நல்ல வெள்ளையா இருக்குமா?" பகலில் வீட்டில் ஆள் இருப்பார்களா, சங்கிலியிலேயே கட்டிப் போட்டுவிடுவீர்களா, ஓட இடம் உண்டா என்று நான் திருப்பிக் கேட்டால் அந்தப் பக்கம் குரல் மாறிவிடும். "குட்டி தருவீயளா மாட்டீயளா, அதச் சொல்லுங்க" என்பார்கள். மாட்டேன் என்று சொல்லி வைத்துவிடுவேன்.

எங்கள் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வீட்டில் சும்மா இருப்பதால் என்னுடைய போன் பேச்சு முழுவதும் அவர் காதில் விழும். "ஏளா, நம்ம மகளுக்கு மாப்பிள பாக்கையில கூட நீ இவ்வளவு விசாரிக்கலியே" என்பார். மாப்பிள்ளை சரியில்லை என்றால் மகள் போன் பண்ணிச் சொல்லுவாள், குட்டி சொல்லுமா என்று கேட்பேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

ஏரலுக்குப் போகிற ரோட்டில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறேன். கடையை ஒட்டி வீடு. வீட்டுப் புறவாசலில் கம்பிவலை போட்டு நாய்களுக்கு இடம் விட்டிருக்கிறேன். ராஜபாளையம் நாய்தான். வியாபாரத்துக்காக வளர்க்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால் சொல்வதையும் விட்டுவிட்டேன். என் பெட்டை இரண்டு முறைதான் குட்டி போட்டது. ஒவ்வொரு பருவத்துக்கும் சேர்த்துவிட்டுக் குட்டி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெட்டைகளின் வயிறு தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும், விலா எலும்பு வெளியே தெரியும். அவர்களும் தங்களை நாய்ப்பிரியர்கள் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அவர்களோடு வாக்குவாதம் செய்து செய்து தொண்டை போனதுதான் மிச்சம்.

எங்கள் பக்கத்தில் இந்த ஜாதி நாய் என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும். உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு ரோஸ். காதில் ஒரு பழுப்புத் திட்டு இருந்தாலும் கலப்படம் என்று முகத்தைச் சுளிப்பார்கள். அதனால் முழு வெள்ளையை முழு வெள்ளையோடு, அதற்குப் பிறந்ததை இன்னொரு முழு வெள்ளையோடு என்று சேர்த்துச் சேர்த்து வந்ததில் சில குட்டிகள் செவிடாகவே பிறக்கின்றன. இது நாய் வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. தன் வீட்டு நாயைத் தவிர மற்ற எல்லார் வீட்டு நாய்க்கும் அந்தக் குறை உண்டு என்றுதான் ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள்.

என் பெட்டைக்கு இடது காதில் பழுப்புத் திட்டு உண்டு. அதற்கு இணை தேடியபோது ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாழைத்தோட்டம் வைத்து, இலை வியாபாரமும் பார்க்கிற அண்ணாச்சி ஒருவரின் ஆண் நாயைப் பார்க்கப் போனேன். உயரமான, அழகான நாய். முழு வெள்ளை. நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அண்ணாச்சி, இதுக்குப் பொறந்த குட்டியில காது கேக்காதது எதாவது உண்டா?"

"நம்மட்டயா? சேச்சே. இது வம்சமே வேற, தங்கச்சி. சந்தேகப்படுத எடமா இது?"

சந்தேகப்பட்டேன். அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். அந்த நாய்க்குப் பிறந்த குட்டிகளை வாங்கிப்போனவர்களில் எனக்குத் தெரிந்தவர்களைக் கேட்டேன். எல்லோரும் ஒரே மாதிரி, "நல்லா இருக்கு, ஒரு கொறையும் இல்ல" என்றார்கள். அதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்? சேர்த்துவிட்டோம்.

இங்கே ஆண் நாய்க்காரர் பணம் வாங்குவதில்லை. குட்டிகள் பால் மறந்ததும் அவர் வந்து முதல் குட்டியைத் தேர்ந்து எடுத்துக்கொள்வார். அவர் எடுத்த பிறகுதான் மற்றவர்கள். எந்தக் குட்டியில் கை வைத்தாலும் பெட்டைக்காரர் மறுபேச்சு பேசக்கூடாது. எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. குட்டிகளை ஒன்றாக விட்டுவிட்டுப் பின்னால் ஓர் ஓலைவெடி போடுவார்கள். பனை ஓலையை மடித்து மருந்து வைத்த சின்ன வெடிதான், ஆனால் சத்தம் பலமாக இருக்கும். எந்தக் குட்டி ஓடாமல் நிற்கிறதோ அதுதான் தைரியசாலி, அதுதான் அவருக்கு. பன்றி வேட்டைக்கு நாய் கொண்டுபோன காலத்து வழக்கம் என்பார்கள். இப்போது வேட்டையும் இல்லை ஒன்றும் இல்லை, வெடி மட்டும் நிற்கவில்லை.

இதில் பெட்டைக்காரர்களும் சும்மா இருப்பதில்லை. நல்ல குட்டியைத் தாங்களே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை வந்துவிட்டால், அதற்கு வயிற்றுப்போக்கு, அதற்குக் கண் சரியில்லை என்று எதையாவது அளந்துவிடுவார்கள். அடுத்த வீட்டில் ஒளித்து வைக்கிறவர்களும் உண்டு. அதனால் ஆண் நாய்க்காரர்கள் பெட்டை வீட்டுக்காரர் சொல்லுகிற எந்தக் குறையையும் நம்புவதில்லை.

என் பெட்டை ஒரு காலை வேளையில் ஏழு குட்டி போட்டது. கடையைப் பூட்டிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவில் ரொம்ப நேரம் முக்கியது. செத்துவிடுமோ என்று பயந்துபோய்க் கால்நடை டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, அவர் வந்து ஊசி போட்டு, ஒருவழியாக எல்லாம் முடிந்தபோது என் இடுப்பு என்னுடையதாக இல்லை. அதன் பிறகு அந்த ஒரு மாதமும் துடைப்பது, துணி மாற்றுவது, எடை போடுவது, பூச்சிமருந்து கொடுப்பது என்று போனது. வீட்டுக்காரர் ஒரு குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "பேரப்பிள்ளைக்குக் கூட நீ இப்படிச் செய்யல" என்றார். அவர் வாய் எப்போதும் சும்மா இருக்காது.

குட்டிகளில் ஒன்று முழு வெள்ளை. மூக்கு ரோஸ், கண்ணில் லேசாக நீலம். பார்த்ததுமே எனக்கு மனசு சரியில்லாமல் போனது. அடுக்களையில் குக்கர் விசில் அடித்தால் மற்ற குட்டிகள் எல்லாம் தலையைத் தூக்கும், இது மட்டும் தூங்கிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டுத் தட்டுச் சத்தத்துக்கு மற்றவை பாய்ந்து ஓடும்போது, அவற்றின் கால் இதன்மேல் பட்டால்தான் இது எழுந்திருக்கும். விளையாட்டில் மற்ற குட்டியை இது கடித்தால் அது எவ்வளவு கத்தினாலும் விடாது. வலிக்கிறது என்று அது கத்துவது இதற்குக் கேட்டால்தானே விடும். டாக்டரம்மாவும் பார்த்துவிட்டு, இரண்டு காதும் கேட்காது என்றார். இந்தச் சோடி இனிமேல் வேண்டாம், இரண்டு பக்கமும் குறை இருக்கிறது என்றும் சொன்னார். நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இந்தக் குட்டியை யாருக்கும் கொடுப்பதில்லை. பெட்டைக்கும் உடம்பு தேறியதும் கருப்பையை எடுத்துவிடுவது.

அண்ணாச்சி ஒரு சீப்பு நாட்டுப்பழத்தோடு வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஓலைவெடி. அவர் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"அண்ணாச்சி, அந்த முழு வெள்ளைக்குக் காது கேக்காது. டாக்டரும் பாத்தாச்சு. அதை மட்டும் விட்டுட்டு எது வேணும்னாலும் எடுத்துக்கோங்க."

அவர் சிரித்தார். "நானும் இத்தன வருசமா குட்டி எடுத்துக்கிட்டுதான் இருக்கேன், தங்கச்சி. ஒரு வீட்ல வயித்தால போவுதுங்காவ. இன்னொரு வீட்ல கால் வளைஞ்சிருக்குங்காவ. நீங்க காதுங்கீய."

"நெசமாத்தான் சொல்லுதேன். வேணும்னா வேற ரெண்டா எடுத்துக்கோங்க."

"ஒன்னுக்கு ரெண்டு தாரீயளா? அப்ப அது தங்கமாத்தான் இருக்கணும்."

அந்த வார்த்தையோடு காரியம் கெட்டது. இனி நான் எதைச் சொன்னாலும் அந்தக் குட்டியின் மதிப்புதான் கூடும். வெடி வேண்டாம், குட்டிகள் பயந்துவிடும் என்றேன். "சும்மா ஒன்னே ஒன்னு" என்று திரியில் தீயை வைத்துச் சுவரோரம் போட்டார்.

குட்டிகள் சிதறி ஓடின. இரண்டு துவைக்கிற கல்லுக்கு அடியில் போயின, ஒன்று தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கத்தியது. உள்ளே கட்டியிருந்த தாய் கதவைப் பிறாண்டியது. வெள்ளைக்குட்டி சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தட்டில் மிச்சமிருந்த கேப்பைக்கூழை நக்கிக்கொண்டிருந்தது. வாலைக்கூட நிறுத்தவில்லை.

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீயளா! அசையுதா பாருங்க!"

"காது கேட்டாத்தான அண்ணாச்சி அசையும்!" என்று நான் அதன் பின்னால் போய்த் வேறொரு தட்டை எடுத்துத் தட்டினேன். கைதட்டினேன். கத்திக்கூடப் பார்த்தேன். குட்டி திரும்பவில்லை. நான் தட்டத் தட்ட அவருக்குச் சந்தோஷம் கூடிக்கொண்டே போனது. அந்த மனுஷனுக்கு எப்படித்தான் புரியவைப்பது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தர மாட்டேன் என்றேன். அவர் முகம் மாறியது. "அப்ப வாக்குக்கு என்ன மதிப்பு?" என்றார். வீட்டுக்காரர் என்னை அடுக்களைக்குக் கூட்டிப்போய், "ஏளா, முதல் குட்டி அவருக்குன்னு சொல்லித்தான் சேத்தோம். இல்லேன்னு சொன்னா நாளைக்கு எவன் நம்ம சொல்ல நம்புவான்? கடையும் நடத்தணும்லா" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் பாதிப்பேர் எங்களிடம்தான் தவிடும் புண்ணாக்கும் வாங்குகிறார்கள்.

கடைசியில் குட்டியைக் கையில் கொடுக்கும்போது அண்ணாச்சியிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பின்னாலிருந்து தொடாதீர்கள், பயந்து கடித்துவிடும். முன்னால் போய்க் கையைக் காட்டுங்கள். வண்டி போகிற இடத்தில் அவிழ்த்து விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டிலும் தோட்டத்திலும் வேலை செய்கிற ஒவ்வொருவரிடமும் இதற்குக் காது கேட்காது என்று சொல்லிவிடுங்கள். அவர் தலையை ஆட்டினார். கண்ணெல்லாம் குட்டிமேல்தான் இருந்தது.

மற்ற குட்டிகளுக்கு வீடு பார்த்துக் கொடுத்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பெட்டைக்கு ஆபரேஷன் செய்து கூட்டிவந்தேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தார்கள். "நல்ல வம்சத்த இப்படி அறுத்துப் போட்டீயளே" என்றார் ஒருவர். இவ்வளவு அக்கறை அந்த வம்சம் உயிரோடு என் புறவாசலில் மலம் அள்ள ஆள் இல்லாமல் கிடந்தபோது எங்கே போயிருந்தது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. தவிட்டை நிறுத்துக் கொடுத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து மனசு கேட்காமல் அண்ணாச்சியின் தோட்டத்துக்குப் போனேன். வெள்ளை நன்றாக வளர்ந்திருந்தது. ஆள்கள் நாலைந்து பேர் இலைக்கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி அவர்கள் முன்னால் பெருமையாக விசிலடித்தார். நாய் ஓடி வந்தது. ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு கவனித்தேன். விசிலடிப்பதற்கு முன்னால் செருப்புக்காலால் தரையில் ஒரு மிதி மிதிக்கிறார். அதிர்வு தெரிந்து நாய் திரும்புகிறது. திரும்பியதும் இடுப்பருகே கையை விரித்து மூடுகிறார். அதைப் பார்த்துத்தான் ஓடி வருகிறது. நான் சொல்லிக்கொடுத்ததை விட நன்றாகவே பழக்கியிருந்தார்.

ஆள்கள் நகர்ந்ததும், "தெரிஞ்சு போச்சா, அண்ணாச்சி?" என்றேன்.

"பைய பேசுங்க, தங்கச்சி." சுற்றிலும் பார்த்தார். "கொண்டாந்த ஒரு வாரத்துலயே தெரிஞ்சிட்டு. என்ன செய்ய? எல்லார்ட்டயும் வெடிக்கே அசையாத குட்டின்னு சொல்லிட்டேன்."

"இவங்ககிட்ட சொல்லலியா?"

"நான்தான் கூடவே இருக்கேன்லா. நான் பாத்துக்கிடுதேன்."

அந்த நாயைத் தடவிக்கொடுத்த கையில் பாசம் இருந்தது, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனாலும் சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று பிச்சைக்காரி மாதிரி கெஞ்சிவிட்டு வந்தேன். சொல்ல முடியாது என்றால் என்னிடமே திருப்பிக் கொடுங்கள் என்றும் சொன்னேன். "இனி இது என் பிள்ள" என்றார்.

பிறகு ஒருநாள் அவருடைய டிராக்டர் ஓட்டுகிறவர் தவிடு வாங்க வந்தார். மீசை நரைத்த, அதிகம் பேசாத ஆள். மூட்டையைத் தூக்காமல் கல்லாப்பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். என்ன என்று கேட்டேன்.

"அந்த வெள்ள நாய நான் கொன்னுட்டேன், யக்கா."

டிரெய்லர் நிழலில் படுத்திருக்கிறது. அண்ணாச்சி இலைக்கட்டுகளோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்திருக்கிறார். இவர் ஏறி வண்டியை எடுத்திருக்கிறார்.

"ஆர்ன் அடிச்சேன், யக்கா. திரும்பத் திரும்ப அடிச்சேன். எந்திரிக்கல. முதலாளி சொல்லுவாரு, அது எதுக்கும் பயப்படாது, கிட்ட வந்தாத்தான் நவுரும்னு. நவுந்துரும்னு நெனச்சு பையத்தான் எடுத்தேன்." முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லையாம், அதுதான் தாங்க முடியவில்லை என்றார்.

சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். கடைசியில் சொன்னேன். "அதுக்குக் காது கேக்காது."

அவர் தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "யாருமே எனக்குச் சொல்லலியே, யக்கா" என்றார். என்னைக் குற்றம் சொல்வதுபோலச் சொல்லவில்லை, யாரையும் குற்றம் சொல்லவில்லை. வேறு ஏதாவது சொல்லியிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போல் இருந்தது. போகும்போது, முதலாளியின் பெரிய நாய்க்கு நாளைக்கு நாங்குநேரியிலிருந்து ஒரு பெட்டை வருகிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு ஆற்றைக் கடந்து போனேன். போக எனக்கு விருப்பமில்லை. உடம்பு அசதியாக இருந்தது, இன்னொருமுறை யார் வாசலிலும் நின்று சத்தம் போட முடியும் என்று தோன்றவில்லை. ஆனால் வீட்டிலும் இருப்புக் கொள்ளவில்லை.

லோடு ஆட்டோ ஒன்று தோட்டத்து வாசலில் நின்றது. புருஷனும் பெண்சாதியும் ஓர் இளம் பெட்டையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முழு வெள்ளை. அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் நேராகப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த நாய்க்குப் பிறந்தது செவிடு என்று சொன்னேன். என் பெட்டைக்கு ஆபரேஷன் செய்துவிட்டேன் என்று சொன்னேன். அந்தக் குட்டி டிராக்டரில் அரைபட்டுச் செத்தது என்று சொன்னேன். இரண்டு முழு வெள்ளையைச் சேர்த்தால் இன்னும் எத்தனை அப்படிப் பிறக்குமோ, அவை எந்த ரோட்டில் போய்ச் சாகுமோ என்றேன்.

அந்தப் பெண்ணின் புருஷன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "இவுக யாரு, அண்ணாச்சி? இவுகளும் குட்டி குடுக்கிறவுகளா? பொறாமையில பேசுதாவ போல இருக்கே."

அண்ணாச்சியின் ஆள்கள் இலையறுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிராக்டர்க்காரர் பம்ப்செட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் தோற்றுப்போய்த் திரும்பி நடக்கத் தொடங்கினேன்.

"அந்தம்மா சொல்லுதது நெசந்தான்." அண்ணாச்சியின் குரல் கேட்டது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். "செத்த குட்டிக்குக் காது கேக்காது. எனக்குத் தெரியும். நீங்க பெட்டையைக் கூட்டிட்டுப் போங்க."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பம்ப்செட் பக்கத்தில் நின்ற அந்த மனிதர் தலைத்துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, இன்றுவரை அது தணியவில்லை. முன்பின் தெரியாத நாங்குநேரிக்காரர்களிடம் சொல்ல முடிந்த அந்த வார்த்தையை, தினமும் முகத்தைப் பார்க்கிற தன் டிராக்டர்க்காரரிடம் அவர் முன்பே சொல்லியிருக்கலாம்.